வெறுங்கை முழம் போடுமா?

அமெரிக்க நாட்டில் மெரீன் படை என்று ஒரு படை உண்டு. கப்பலில் சென்று, படகில் இறங்கி, பகைவன் கரையிலே கால்வைத்துப் போரிடுவது அதன் தொழில். கடலுக்கும் தரைக்கும் பொதுவான காலாட்படை. அந்தப் படைக்குள்ளே ஒரு பெரும் வழக்கு எழுந்தது. 2020 மார்ச்சில் அதன் தலைமைத் தளபதி ஒரு திட்டத்தை வெளியிட்டார். டாங்கிகள் அத்தனையையும் கைவிடுவது, 21 பீரங்கி அணிகளை 5 ஆகக் குறைப்பது, அந்தப் பணத்தில் கப்பல்களைத் தாக்கும் ஏவுகணைகளை வாங்கிக்கொண்டு தீவுக்குத் தீவு தாவும் சிறுசிறு படைகளை அமைப்பது என்பதே அத்திட்டம். சொன்னபடி டாங்கிகள் போய்விட்டன. 2022 இல் ஹவாய்த் தீவில் புதுமாதிரிப் படைப்பிரிவும் அமைந்துவிட்டது. ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் கொதித்தெழுந்தனர், பத்திரிகைகளில் எழுதினர். டாங்கியில்லாமல், பீரங்கியில்லாமல், எங்கள் பிள்ளைகளைக் கரையில் இறக்கிவிட்டு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

நமக்கென்ன வந்தது இதில் என்று தோழர்கள் கேட்கலாம். எந்த நாட்டுப் படையானாலும் சரி, படகிலிருந்து முதலில் குதிப்பவன் தளபதியின் மகனல்லன். ஆலைத் தொழிலாளியின் மகன், கழனியில் உழைப்பவனின் மகன். அவன் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறார்கள், அவன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி நமக்கும் உரிய கேள்விதான்.

இந்த வழக்கிலே சாட்சி சொல்லத் தகுதியுள்ள மனிதர் ஒருவர் இருந்தார். 1947 இல் இறந்துபோனார். அவர் பெயர் இவான்ஸ் கார்ல்சன். இலேசான ஆயுதங்களோடு இறங்கிப் போரிட்டவர், வென்றவர், தோற்றவர். பின்னர் கனமான ஆயுதங்களோடு இறங்கியதையும் கண்டவர். அவர் கதையை இன்று சொல்லப் புகுகிறோம்.

ஓடிப்போன சிறுவன்

1896 பிப்ரவரி 26 ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் சிட்னி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்தவப் போதகர். ஊர் ஊராக மாற்றலாகும் ஏழைக் குடும்பம். பதினான்கு வயதில் பையன் வீட்டைவிட்டு ஓடினான். பதினாறில், வயதை உயர்த்திச் சொல்லித் தரைப்படையில் சேர்ந்தான். ஆண்டு 1912. பிலிப்பைன்ஸ், ஹவாய், மெக்சிகோ எல்லை என்று படை போன இடமெல்லாம் போய், முதல் உலகப் போர் முடியும்போது கேப்டன் ஆகியிருந்தார்.

போர் முடிந்ததும் பதவியை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். டப்பாவில் அடைத்த பழங்களை விற்கும் வேலை. அது அவருக்கு ஒட்டவில்லை. 1922 இல் மெரீன் படைக்குப் போனார். கேப்டனாக இருந்தவர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்! பதவியை இறக்கிவைத்துவிட்டு அடிவரிசையில் நிற்க மனம் வந்த அதிகாரிகள் எத்தனை பேர்? அடுத்த ஆண்டே மீண்டும் அதிகாரியாக உயர்ந்தார் என்பது வேறு செய்தி.

1930 இல் நிகராகுவாவில் அவருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது. அந்த நாட்டிலே அமெரிக்கப் படைக்கு என்ன வேலை என்று நாம் கேட்டால், நேர்மையான விடை கிடையாது. அங்கே காட்டிலும் மலையிலும் நின்று எதிர்த்த சாண்டினோவின் ஆட்கள் தம் மண்ணுக்காக நின்றவர்கள். எனினும் கார்ல்சன் அங்கே ஒன்றைக் கண்டார். பீரங்கியில்லாத, சீருடையில்லாத கூட்டம், ஊர்மக்களின் துணையிருந்தால் பெரிய படையை அலைக்கழிக்கும் என்பதைப் பகைவனிடமிருந்து கண்டார்.

சீனத்துப் பாடம்

அவரை அவராக்கியது சீனம். 1927 முதலே அங்கே போய்வந்தவர். 1935 இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் காவலணியில் பணிபுரிந்தார். தலைவருக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டது. 1937 இல் மீண்டும் சீனத்துக்குப் புறப்பட்டபோது, அங்கே காண்பதைத் தனக்கு நேரே எழுதும்படி ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டில்தான் ஜப்பான் சீனத்தின்மீது பாய்ந்தது. சாங்காய் எரிந்தது. விமானமும் டாங்கியும் போர்க்கப்பலும் கொண்ட ஜப்பானியப் படையின் முன்னே சீனப் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. வடக்கே மட்டும் ஒரு படை பின்வாங்காமல், பகைவனின் முதுகுப்புறத்திலேயே புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. அதுதான் எட்டாவது மார்க்கப் படை, பொதுவுடைமையாளர் படை. எட்கார் ஸ்நோ அதைப் பற்றிச் சொல்லக் கேட்டு, நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினார் கார்ல்சன்.

படைவீரர்களோடு வீரராக நடந்தார். பனியில் நடந்தார், மலையில் நடந்தார், ஆயிரக்கணக்கான மைல் நடந்தார். சூ டேயோடு பேசினார். 1938 இல் யெனானில் மாசேதுங்கையும் சந்தித்தார். அவர் கண்டது என்ன? தளபதியும் சிப்பாயும் ஒரே சோறு உண்கிறார்கள். போருக்கு முன்னே வீரர்களைக் கூட்டி வைத்து, எதற்காகப் போகிறோம், எப்படிப் போகிறோம் என்று விளக்குகிறார்கள். போர் முடிந்ததும் மீண்டும் கூடுகிறார்கள். தவறு எங்கே நேர்ந்தது என்று சிப்பாயும் எழுந்து பேசுகிறான். ஊர்மக்கள் சோறு கொடுக்கிறார்கள், வழி காட்டுகிறார்கள், செய்தி கொண்டுவருகிறார்கள். கனமான ஆயுதம் இல்லை என்பதையே ஒரு வசதியாக்கிக்கொண்ட படை அது. சுமை இல்லாததால் ஓரிரவில் பகைவன் எதிர்பாராத தொலைவைக் கடந்துவிடும்.

அங்கே அவர் கற்ற இரண்டு சீனச் சொற்கள் பின்னாளில் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டன. கடற்கரை நகரங்களின் ஆலைகள் ஜப்பானியர் கையில் சிக்கியபின், உள்நாட்டிலே தொழிலாளர்கள் சிறு பட்டறைகளைக் கூட்டுறவாக அமைத்தார்கள். நியூசிலாந்துக்காரர் ரீவி ஆலி என்பவர் அதற்கு முன்னின்றார். அந்தத் தொழிற்கூட்டுறவின் பெயரைச் சுருக்கிக் கங் ஹோ என்றார்கள். கூடி உழைப்போம் என்று அதற்குப் பொருள் கொண்டார் கார்ல்சன். அதையே தம் படையின் முழக்கமாக்கினார். பட்டறைத் தொழிலாளியின் சொல் படைவீட்டின் சொல்லாயிற்று!

அவர் வாயைக் கட்ட முடியவில்லை. அமெரிக்க வணிகர்கள் ஜப்பானுக்குப் பழைய இரும்பை விற்கிறார்கள், அந்த இரும்பு குண்டாகிச் சீனர் தலையில் விழுகிறது, நாளை நம் தலையிலும் விழும் என்று வெளிப்படையாகப் பேசினார். மேலிடம் கண்டித்தது. 1939 இல் பதவியைத் தூக்கியெறிந்தார். ஊர் ஊராகப் பேசினார்; 1940 இல் சீனத்தைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். போர் நெருங்குவதைக் கண்டு 1941 இல் மீண்டும் மெரீன் படையில் சேர்ந்தார்.

ரப்பர் படகுகள்

1942 பிப்ரவரியில் இரண்டாவது ரெய்டர் படை உருவாயிற்று. திடீரென இறங்கித் தாக்கித் திரும்பும் படை என்று பொருள். கார்ல்சன் தளபதி. துணைத் தளபதி யார் தெரியுமா? ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட். தளபதியின் மகன் படகிலிருந்து குதிப்பதில்லை என்று மேலே எழுதினோம். குடியரசுத் தலைவரின் மகன் குதித்தார். விதிவிலக்கை மறைப்பது முறையாகாது.

கலிபோர்னியாவில் சான்டியாகோ அருகே ஒரு பண்ணையில் பயிற்சி. அதிகாரிக்குத் தனி உணவு இல்லை, தனிக் கூடாரம் இல்லை. எல்லாரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றார்கள். வாரந்தோறும் கங் ஹோ கூட்டம். யாரும் எழுந்து பேசலாம். பத்துப் பேர் கொண்ட சிற்றணியைத் தலைவன் ஒருவன், மும்மூவராக மூன்று குழுக்கள் என்று பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கி ஒன்று, தாம்சன் குறுந்துப்பாக்கி ஒன்று, காரண்ட் ரைபிள் ஒன்று. மூன்று பேர் கையில் அவ்வளவு சூடு அதற்கு முன் எந்தப் படையிலும் இருந்ததில்லை என்றே சொல்லலாம். பின்னாளில் மெரீன் படை முழுவதுமே இந்தக் குழுமுறையை நால்வராக மாற்றி எடுத்துக்கொண்டது.

ஆனால் அதற்கு மேலே? 60 மில்லிமீட்டர் மோர்ட்டார் உண்டு. பாய்ஸ் என்ற நீண்ட டாங்கியெதிர்ப்புத் துப்பாக்கி சில உண்டு. பீரங்கி இல்லை, டாங்கி இல்லை. வேகமே கவசம், இருளே கோட்டை என்று போட்ட கணக்கு.

கணக்கைச் சோதிக்கும் நாள் 1942 ஆகஸ்டு 17. பசிபிக் கடலின் நடுவே கில்பர்ட் தீவுகளில் மாக்கின் என்ற பவழத்தீவு. நாட்டிலஸ், ஆர்கோநாட் என்ற இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏறக்குறைய 220 பேர் நெருக்கியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். தீவிலே இருந்த ஜப்பானியர் நூறு பேருக்கும் குறைவு.

முதல் பகைவன் ஜப்பானியன் அல்லன், அலை. ரப்பர் படகுகளின் சிறு மோட்டார்கள் கடல்நீர் பட்டு நின்றுபோயின. வகுத்த வரிசை குலைந்தது. கிடைத்த இடத்தில் இறங்கினார்கள். கரையேறியதும் ஒருவன் துப்பாக்கி தவறி வெடித்தது. இருளே கோட்டை என்ற கணக்கு அந்த ஒரு வேட்டில் தீர்ந்தது. தென்னைமர உச்சிகளில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜப்பானியக் குறிகாரர்கள் ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள்.

அன்று ரெய்டர்களுக்கு உதவிய கனமான ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். கடலிலே நின்ற நாட்டிலஸ் கப்பலின் ஆறு அங்குலப் பீரங்கிகள். இலக்கு கண்ணுக்குத் தெரியாமலே மரங்களுக்கு மேலாகச் சுட்டு, காயலில் நின்ற இரண்டு ஜப்பானியக் கலங்களை மூழ்கடித்தன. துணைப்படை ஏற்றிக்கொண்டு நீரில் இறங்கிய இரண்டு விமானங்களை இயந்திரத் துப்பாக்கிகளும் அந்த நீண்ட பாய்ஸ் துப்பாக்கிகளும் அழித்தன. இலேசான படைக்குக் கொஞ்சம் கனம் கிடைத்தால் என்ன செய்யும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மாலையில் திரும்ப வேண்டும். அங்கேதான் விபரீதம். அலையை எதிர்த்துத் துடுப்பு வலிக்க முடியவில்லை. படகுகள் கவிழ்ந்தன, துப்பாக்கிகள், மருந்துகள், காலணிகள் கடலோடு போயின. நம் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வெளியே போகிற அலையும் உள்ளே வருகிற அலையும் ஒன்றல்ல என்று. சிலர் கப்பலை அடைந்தார்கள். ஏறக்குறைய 120 பேர், பெரும்பாலோர் ஆயுதமின்றி, காயம்பட்டவர்களோடு மழையில் கரையிலே கிடந்தார்கள்.

அந்த இரவில் கார்ல்சன் மனம் தளர்ந்தார். சரணடைவது பற்றி ஜப்பானியத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். கடிதத்தால் எதுவும் நிகழவில்லை. அரசாங்க அறிக்கைகளில் அது இடம்பெறவும் இல்லை, பின்னாளில்தான் வெளிவந்தது. அவரை வீரனென்று மட்டும் பாட நினைப்பவர்கள் இந்த இடத்தை விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். நாம் அப்படிச் செய்ய மாட்டோம். அவர் அஞ்சியது தம் உயிருக்கல்ல. கையில் துப்பாக்கியில்லாத நூற்றிருபது பேரை வைத்துக்கொண்டு, எதிரே எத்தனை பேர் என்று தெரியாமல் நின்ற ஒருவரின் தளர்ச்சி அது. விடிந்ததும் பார்த்தால், தீவிலே எதிர்ப்பதற்கு ஆளே இல்லாத நிலை! அன்று மாலை காயல் பக்கமாகப் போய், உள்ளூர் மக்களின் பக்கக்கட்டை வைத்த தோணியோடு எஞ்சிய ரப்பர் படகுகளைப் பிணைத்துக் கட்டி, அலை குறைந்த வாயிலால் வெளியேறினார்கள். நவீன நீர்மூழ்கியில் வந்தவர்களைக் கரைசேர்த்தது மீனவனின் மரத்தோணி.

மாக்கினில் 30 பேர் திரும்பவில்லை. அவர்களுள் ஒன்பது பேர் குழப்பத்திலே உயிரோடு விடப்பட்டவர்கள். ஜப்பானியர் அவர்களைப் பிடித்துக் குவாஜலீன் தீவுக்குக் கொண்டுபோய் 1942 அக்டோபரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். போர் முடிந்த பிறகே இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

அமெரிக்கப் பத்திரிகைகள் மாக்கினை மாபெரும் வெற்றியென்று கொண்டாடின. அப்போது அந்த நாட்டுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. ஆனால் விளைவு? தூங்கிக்கொண்டிருந்த ஜப்பானியர் விழித்துக்கொண்டனர். கில்பர்ட் தீவுகளிலே ஆளையும் பீரங்கியையும் கொண்டுவந்து குவித்தனர். பிடித்து வைத்துக்கொள்ளும் பலமில்லாத படை, தட்டிவிட்டு வந்தால் நடப்பது இதுதான். பக்கத்துத் தீவுக்கூட்டத்தின் பெயர் தராவா. அதற்கு வருவோம்.

முப்பது நாள் நடை

மாக்கின் அவர் வாழ்வில் இருள் என்றால், குவாடல்கனால் அவர் வாழ்வில் ஒளி. 1942 நவம்பர் 4 இல் அந்தத் தீவின் ஆவோலா விரிகுடாவில் இறங்கினார். டிசம்பர் 4 வரை முப்பது நாள், காட்டுக்குள்ளேயே நடந்தது அந்தப் படை. உள்ளூர் மக்கள் வழிகாட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள். அவர்களின் தலைவர் ஜேக்கப் வூசா, ஓய்வுபெற்ற போலீசுக்காரர். சில மாதங்களுக்கு முன்புதான் ஜப்பானியர் அவரைக் கட்டிப்போட்டுக் கத்தியால் குத்திச் சாகவிட்டுப் போயிருந்தார்கள். கட்டைக் கடித்து அறுத்துக்கொண்டு ஊர்ந்து வந்து பிழைத்தவர். உணவு அரிசி, கொஞ்சம் உப்பிட்ட இறைச்சி, உலர்ந்த திராட்சை, தேநீர். சீனத்துச் சாப்பாடு!

பின்வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானியப் படையின் முதுகிலும் விலாவிலும் திரும்பத் திரும்ப அடித்தார்கள். மலைமேல் மறைந்திருந்த பீரங்கியைத் தேடிப் பிடித்து உடைத்தார்கள். 488 ஜப்பானியர் மாண்டனர் என்றும், தம் பக்கம் இறந்தவர் 16 பேர் என்றும் கணக்குக் கொடுத்தார் கார்ல்சன். மலேரியாவாலும் சீதபேதியாலும் படுத்தவர்கள் இருநூறுக்கு மேல்.

இலேசான படையே போதும் என்பவர்கள் இந்த முப்பது நாளைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் முழுக்கதையையும் காட்ட வேண்டும். குவாடல்கனாலில் விமானதளம் இருந்தது. அதிலே அமெரிக்க விமானங்கள் இருந்தன. பீரங்கிப் படை இருந்தது. அதே நவம்பரில் இரு நாட்டுக் கடற்படைகளும் தீவுக்கு வெளியே நள்ளிரவில் மோதி, ஜப்பானின் துணைப்படைக் கப்பல்கள் எரிந்தன. பசியால் மெலிந்து, உதவி வராமல், காட்டில் ஓடிக்கொண்டிருந்த படையைத்தான் கார்ல்சன் வேட்டையாடினார். கனமான வேலையை மற்றவர்கள் முடித்திருந்தார்கள் என்பதால் அவர் வீரம் குறைந்துவிடாது. ஆனால் தோப்பைக் காட்டாமல் ஒரு மரத்தை மட்டும் காட்டிக் கணக்குப் போடக் கூடாது.

கூட, அந்தக் காட்டிலே மக்கள் இருந்தார்கள். அவர் பக்கம் நின்றார்கள். பவழத்தீவிலே ஏது காடு? ஏது ஒளிவிடம்?

பைரோக்கோவும் தராவாவும்

வெற்றியோடு திரும்பியவருக்கு என்ன பரிசு? 1943 மார்ச்சில் ரெய்டர் படைகளை ஒரே ரெஜிமெண்டாக இணைத்து, அவரிடமிருந்து நேரடித் தலைமையைப் பறித்தார்கள். பெயரளவில் ரெஜிமெண்டின் துணைப் பதவி. புதிதாக வந்தவர் கூட்டங்களை நிறுத்தினார்; பழைய முறை திரும்பியது. சிப்பாயை எழுந்து பேசவிடுவது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. படைக்குள் ஒரு தனிப்படை எதற்கு என்ற கேள்வியும் இருந்தது. அது அவ்வளவு அநியாயமான கேள்வியும் அல்ல. மலேரியா அவரை மருத்துவமனையில் தள்ளியது. அந்த ஆண்டிலேயே ஹாலிவுட்டில் கங் ஹோ என்று அவர் படையைப் பற்றிப் படமெடுத்தார்கள். படையைப் பறித்தார்கள், படத்தைக் கொடுத்தார்கள்!

அவர் இல்லாத இடத்தில் ரெய்டர் முறைக்குச் சோதனை வந்தது. 1943 ஜூலை 20, நியூ ஜார்ஜியா தீவில் பைரோக்கோ. அரண் கட்டி, மரக்கட்டையும் பவழப்பாறையும் அடுக்கி, இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்த ஜப்பானியரை வேறு இரண்டு ரெய்டர் படைகள் நேருக்கு நேர் தாக்கின. பீரங்கி கிடையாது. கையிலிருந்ததில் பெரியது 60 மில்லிமீட்டர் மோர்ட்டார். விமானத் தாக்குதல் கேட்டிருந்தார்கள், விமானம் வரவில்லை. நாள் முழுதும் தவழ்ந்து முன்னேறினார்கள். பகைவனின் பெரிய மோர்ட்டார்கள் மேலே விழுந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய ஐம்பது பேர் மாண்டு, இருநூறு பேர் காயம்பட்டு, மாலையில் தூக்குக் கட்டில்களோடு திரும்பினார்கள். வீரத்தில் குறைவா? இல்லை. பயிற்சியில் குறைவா? இல்லை. வெறுங்கை முழம் போடாது, அவ்வளவுதான்.

1943 நவம்பர் 20. தராவாவின் பெட்டியோ தீவு. முந்நூறு ஏக்கருக்கும் குறைந்த மணல்திட்டு. அதிலே கூலிவேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களையும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். எட்டு அங்குலக் கடற்கரைப் பீரங்கிகள். தென்னங்கட்டையும் கான்கிரீட்டும் மணலும் போட்டு மூடிய அரண்கள். கார்ல்சன் பார்வையாளராகப் போனார்.

இந்த முறை அமெரிக்கர் இலேசாகப் போகவில்லை. போர்க்கப்பல்கள் மூன்று மணி நேரத்துக்குமேல் சுட்டன. தண்ணீரிலும் பவழத்திட்டிலும் ஏறி நடக்கும் சங்கிலிச் சக்கர வண்டிகள் 125 இருந்தன. ஷெர்மன் டாங்கிகள் 14 இருந்தன. இருந்தும் போதவில்லை! அந்த வண்டிகள் முதல் மூன்று வரிசைக்குத்தான் போதுமாயிருந்தன. பின்னால் வந்தவர்கள் சாதாரணப் படகில் வந்தார்கள். படகு மிதக்க மூன்றரை அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். திட்டின்மேல் அவ்வளவு தண்ணீர் இல்லை. படகு தட்டி நின்றது. நூற்றுக்கணக்கான கஜ தூரம், மார்பளவு நீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்தபடி, இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வண்டி இன்னும் நூறு இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்?

கம்பியில்லாத் தந்திக் கருவிகள் நனைந்து செத்துப்போயின. கரையிலிருந்த தளபதி ஷூப்புக்குக் கப்பலோடு பேச வழியில்லை. பின்னால் எத்தனை பீரங்கி இருந்தால் என்ன, எங்கே சுட வேண்டும் என்று சொல்ல முடியாவிட்டால்? அந்தச் செய்தியைக் குண்டுமழையிலே சுமந்துகொண்டு கப்பலுக்குப் போனவர் பார்வையாளராக வந்த கார்ல்சன். அவர் சிவப்பு நிறத்தைப் பற்றிக் கிசுகிசுத்தவர்கள் கூட அவரைக் கோழை என்று சொல்ல அதன்பின் துணியவில்லை.

76 மணி நேரம் நடந்த போரில் மெரீன் படையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். ஜப்பானியப் படைவீரரில் உயிரோடு பிடிபட்டோர் 17 பேர். அரண்களை உடைத்தது வெறும் வீரமல்ல; வெடிமருந்துப் பொதியும், நெருப்பு வீசும் கருவியும், தப்பிப் பிழைத்த டாங்கிகளும், அவற்றின் பக்கத்திலே நடந்த காலாட்களும் சேர்ந்துதான் உடைத்தார்கள்.

1944 பிப்ரவரி 1 ஆம் நாள் ரெய்டர் படைகள் கலைக்கப்பட்டன. வீரர்களை நான்காவது ரெஜிமெண்ட் என்ற முழுக் காலாட்படையாக மாற்றிக் கனமான ஆயுதங்களைக் கொடுத்தார்கள். அதே நாட்களில் கார்ல்சன் நான்காவது மெரீன் டிவிஷனில் போர்த்திட்டம் வகுக்கும் அதிகாரி. மூன்று பேரைக் கொண்டு குழு அமைத்தவர், இப்போது பீரங்கி ரெஜிமெண்டும் டாங்கிப் படையும் கொண்ட பெருஞ்சேனைக்குத் திட்டம் போட்டார். அவர்கள் இறங்கிய இடம் குவாஜலீன். தம் வீரர் ஒன்பது பேர் தலை வெட்டுண்ட அந்தத் தீவுக்கூட்டம்! தராவாவின் பாடம் அங்கே பலித்தது. நாள் கணக்கில் குண்டுவீச்சு. பக்கத்துச் சிறு தீவுகளை முன்னதாகப் பிடித்து அங்கே பீரங்கிகளை நிறுத்தினார்கள். வண்டிகள் நிறைய வந்தன. ரோய், நாமூர் என்ற இரு தீவுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியரை எதிர்த்த அந்த டிவிஷனில் மாண்டவர் ஏறக்குறைய 200 பேர். தராவாவின் ஆயிரத்துக்குப் பக்கத்தில் இந்த இருநூறை வைத்துப் பார்க்க வேண்டும்.

கனம் வேண்டும் என்பதாலே எல்லாம் தீர்ந்துவிடுமா? டாங்கி ஒன்றின் எடை முப்பது டன்னுக்கு மேல். அதற்கு ஒரு கப்பல், கப்பலுக்குக் காவல் கப்பல், எண்ணெய், பழுதுபார்ப்போர் என்று வால் நீண்டுகொண்டே போகும். கப்பல் கூட்டம் பகைவன் கண்ணுக்குத் தப்பாது. இன்று வானிலிருந்து பார்க்கும் கண்கள் பல. நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் ஏவுகணைகள் பல. ஆகவே டாங்கியைக் கைவிட்ட தளபதியின் வாதத்தை மடமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் அனுப்பும் சிறு படையும் ஏவுகணையை யாரோ கொண்டுவந்து தர வேண்டிய படைதான். காயம்பட்டவனை யாரோ வந்து எடுத்துப்போக வேண்டிய படைதான். அதற்கென்று திட்டமிட்ட சிறிய இறங்குகப்பல்களோ ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. கனத்தை முதுகிலே சுமக்காதவன் வேறு யாரையோ நம்பி நிற்கிறான். அந்த வேறு யாரோ வருவாரா? மாக்கினில் கப்பல் காத்திருந்தது. பைரோக்கோவில் விமானம் வரவில்லை. வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

கடைசி நாட்கள்

1944 ஜூன் 22, சைப்பான் தீவு. அடிபட்டுக் கிடந்த கம்பியில்லாத் தந்திக்காரன் ஒருவனை இழுத்துவரப் போன கார்ல்சன், கையிலும் காலிலும் குண்டுபட்டு விழுந்தார். சிப்பாயைக் காப்பாற்றப் போய் விழுந்த தளபதி! அதன்பின் போர்க்களம் காணவில்லை. 1946 ஜூலையில் பிரிகேடியர் ஜெனரல் என்ற பட்டத்தோடு ஓய்வுபெற்றார். சீனத்து உள்நாட்டுப் போரில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்று இயக்கம் நடத்தினார். சிவப்பர் என்ற முத்திரை அழுத்தமாக விழுந்தது. இதயநோய் முற்றியது. 1947 மே 27 ஆம் நாள் ஆரிகான் மாநிலத்துப் போர்ட்லண்டில் இறந்தார். வயது 51. ஆர்லிங்டன் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து ஒரு மாதத்துக்குள், அந்த ஒன்பது பேரைக் கொல்ல ஆணையிட்ட ஜப்பானியக் கடற்படைத் தளபதி ஆபே குவாம் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

மாக்கினில் விழுந்தவர்களின் உடல்கள் தீவிலேயே கிடந்தன. அன்று இளைஞராக இருந்து, கிராமத்தாரோடு சேர்ந்து அவர்களைப் புதைத்த முதியவர் ஒருவர் இடம் காட்டினார். 1999 இல் தோண்டிப் பார்த்தபோது 19 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெயர் கண்டறிந்து, 2001 ஆகஸ்டில் 13 பேரை ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களைக் குடும்பத்தார் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள்.